பிளைவுட் வீடு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், ஆனால் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள். உன் இருமல் போய்விட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டேன், "ம்" என்றாய். போனதற்கு "ம்"மா, போகாததற்கு "ம்"மா தெரியவில்லை. ஃபோனில் உன்னோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கிறது. அதுவுமில்லாமல், நான் ஃபோனை எடுத்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றோரம் தூணும் தளமுமாகப் பாதியில் நிற்கிறதே ஒரு அரசாங்கக் கட்டடம், அதை முடித்து என்னைப் போன்றவர்களுக்கு வீடுகளாகக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்களாம். சுவர் எழுப்புவதற்கு முன்னால், ஒரு பழைய கிடங்குக்குள் நிஜ அளவில் பிளைவுட்டிலேயே ஒரு வீடு செய்து வைத்திருக்கிறார்கள். என் மாதிரிச் சக்கர நாற்காலிக்காரர்கள், கண் தெரியாதவர்கள், ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் போய் ஒரு பகல் அதற்குள் இருந்து பார்த்து, என்ன சரியில்லை என்று சொல்லவேண்டும். டாக்சி கம்பெனி முதலாளி என் பெயரைக் கொடுத்துவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கேட்டாள்: "ரெண்டு மாடி இறங்கிப் பலகை பாக்கப் போறியா? பலகைதான் பாக்கணும்னா நம்ம கட்டிலைப் பாரு."

போகத்தான் போகிறேன். இந்த ஊர் டாக்சி எல்லாம் ஓடுவது என் வாயால். "இடது பக்கம் திரும்பு, சிக்னல் தாண்டி நில்லு" என்று பொழுதெல்லாம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கத்துகிறேன். ஓட்டுநர்களுக்கு நான் கன்ட்ரோல் அக்கா. அந்தக் கன்ட்ரோல் ரூம் நம் வீட்டு ஜன்னலோரம்தான் என்பதும், கன்ட்ரோல் அக்கா கடைசியாகப் படி இறங்கியது பல் பிடுங்குவதற்கு என்பதும் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வேடிக்கைக்காக யாராவது பல் டாக்டரிடம் போவார்களா சொல். எனக்கு அன்றைக்கு ஊர்வலம் போன மாதிரி இருந்தது.

என்னைத் தூக்க இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள். ஒருவன் பெயர் ஹாரன், வாய் ஓயாது. இன்னொருவன் சைலன்சர், வாயே திறக்கமாட்டான். கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அது போனதற்கான "ம்"தான். உன் முதுகுவலி எப்படி? நான் அனுப்பிய குஷனில் நீ உட்காருகிறாயா, இல்லை அம்மா அதைத் தலைக்கு வைத்துக்கொண்டாளா?

இங்கே புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஆள் ஏறுவதற்கு முன்னால் மணல் மூட்டை ஏற்றிச் சோதித்துப் பார்ப்போம். மணல் மூட்டை ஜம்மென்று மேலும் கீழும் போய் வருகிறது. என் அக்கா இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். நம் வீட்டு ஓனரிடம் நானும் கேட்டுப் பார்த்தேன், அளந்தும் பார்த்தேன். அந்தப் படிக்கட்டு நடுவில் பூனை நுழையக்கூட இடமில்லை. வயிற்றெரிச்சல்.

நாற்காலியை இறக்கும்போது பின்னால் சாய்த்துப் பிடிக்கச் சொல். ஹாரன் கீழே நிற்கட்டும், சைலன்சர் மேலே. கீழே இருப்பவன் பேசிக்கொண்டே இறங்கினால்தான் மேலே இருப்பவனுக்கு அடுத்த படி எங்கே என்று தெரியும். நான் தூக்கும்போது பாட்டுப் பாடுவேனே, அதற்குத்தான். நீ என்னவோ என் குரல் வளத்தைக் கேலி செய்தாய்.

இன்னொரு விஷயம். நான் வீடு மாற்றிவிட்டேன். தரைத்தளம், பெரிய வீடு. வாசலில் இரண்டு படி இருந்தது, நானே சிமெண்ட் குழைத்துச் சரிவாக்கிவிட்டேன். யாருக்காக என்று சொல்லவேண்டியதில்லை. நீயும் அம்மாவும் புறப்பட்டு வந்துவிடுங்கள். அரசாங்கம் கட்டி முடிப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும். பிளைவுட் வீட்டை நம்பி யாராவது இருப்பார்களா?

தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். குஷன் அம்மாவிடம்தான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாய்?

போய் வந்துவிட்டேன்! வயிறு வலிக்கச் சிரித்த கதையை முதலில் சொல்கிறேன். ஹாரன் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் ராணி மாதிரி. "ஸ்டேஷன் ரோடு வழியா போயிடலாம்க்கா" என்றான். "எதுக்குச் சுத்து? பேக்கரிச் சந்துல விடு, அதுதானே குறுக்கு" என்றேன். அவன் கழுத்தைச் சொறிந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சைலன்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குக் கோபம். "கன்ட்ரோல் சொல்றேன், திருப்புடா." திருப்பினான். சந்தின் முடிவில் படிக்கட்டு! நன்றாக அகலமான கல் படிக்கட்டு. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இது எப்பக் கட்டினாங்க?"

"நான் லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியேக்கா."

"அப்ப நான் தினமும் இதுல போகச் சொல்றேனே?"

"'சரிக்கா'ன்னு சொல்லிட்டுச் சுத்திப் போயிடுவோம்."

"ஏன்டா ஒருத்தன்கூட வாயைத் திறக்கல?"

"நீங்க அவ்வளவு நம்பிக்கையா சொல்றீங்க. மனசு வரலக்கா."

அத்தனை வருஷமும் அத்தனை ஓட்டுநர்களும் சேர்ந்து எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் தம்பி! என் பழைய வரைபடத்தில் அந்தச் சந்து நேராக ஓடுகிறது. படியைப் படம் போட்டுக் காட்ட யாருக்குத் தோன்றும்? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். படியில் இருந்தவர் பயந்துபோய் எனக்கு ஒரு பன் கொடுத்தார்.

பிளைவுட் வீடு இன்னொரு கூத்து. புத்தம் புதுப் பலகை வாசனை. சுவரில் பென்சில் கோடுகள். இன்ஜினியர் ஒரு பெண். கொண்டையில் பென்சில், கையில் அளவு டேப். "குறை சொல்லுங்க, கூச்சப்படாதீங்க" என்றாள். யார் சொல்வது? நமக்கும் வீடு என்று ஒன்று காட்டுகிறார்களே, அதில் போய்க் குறை சொல்வதா என்றிருந்தது எல்லாருக்கும். ஊன்றுகோல்காரர் "ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். நான் குளியலறைக்குள் போனேன். நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டே கை கழுவி, "ரொம்ப வசதிங்க" என்றேன். கண் தெரியாத ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நடு அறையில் நின்றுகொண்டு, "வெளிச்சம் அருமையா வருதுங்க" என்றாரே பார். அந்த இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஹாரன் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி போகவேண்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலம். பேக்கரிச் சந்தைப் படித்துவிட்டு வேலை நடுவே நான் தனியாகச் சிரித்ததில், கூட வேலை செய்கிற பையன்கள் எனக்குக் காதல் கடிதம் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கணக்கு வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

எல்லாம் சரி. நான் எழுதிய தரைத்தள வீட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம்கூடப் பார்த்தேன். மறந்துவிட்டாயா?

தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ வெயிலில் தொப்பி போடுகிறாயா?

இரண்டாவது தடவை போனேன். உள்ளே நுழைந்ததுமே, "அம்மா, போன தடவை பொய் சொல்லிட்டேன்" என்றேன். குளியலறைக் கதவு, நாற்காலி, எல்லாவற்றையும் சொன்னேன். "உள்ள நான் விழுந்தா கதவு என் மேலேயே முட்டும். எவன் வந்து தூக்குவான்? வெளியே திறக்கிற மாதிரி வைங்க." அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சம்பளம் உயர்த்திய மாதிரி. ரம்பத்தை எடுத்தாள், அங்கேயே அறுத்தாள். தூள் பறந்தது. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஒரு சுவரைத் தள்ளி வைத்தோம். சமையல் மேடையை இறக்கினோம். ஜன்னல் என் நெற்றி உயரத்தில் இருந்தது, "ஆகாயத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன பறவையா?" என்றேன், அதையும் இறக்கினாள். வாத்தியார், "அன்னிக்கு வெளிச்சத்தைப் பத்திச் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றுவிட்டு, அடுப்புத் திருகில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு வேண்டும், படிக்கட்டுக் கைப்பிடியில் எந்த மாடி என்று தடவிப் பார்க்கிற எழுத்து வேண்டும் என்று விடாமல் அடுக்கினார்.

வீட்டில் ஒரு சின்ன அறை. வாசலில் "உதவியாளர்" என்று எழுதி ஒட்டியிருந்தது. ஏன் அப்படி என்றேன். "உங்களைப் பாத்துக்கறவங்க தங்க" என்றாள். நான் அவள் கொண்டைப் பென்சிலைக் கேட்டு வாங்கி, அதை அடித்துவிட்டு "விருந்தாளி" என்று எழுதினேன். என் வீட்டுக்கும் யாராவது வந்து தங்கமாட்டார்களா என்ன? அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

உன் வீட்டை மறக்கவில்லை. நீ சிமெண்ட் குழைத்ததை நினைத்து நான் அழுதேன், போதுமா? ஆனால் கேட்கிறேன். உன் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது? நடைபாதை உண்டா? கடை எந்தப் பக்கம்? நீ வேலைக்குப் போன பிறகு நான் எங்கே போக முடியும்? சொல்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

கேட்டதற்குப் பதில். வாசலில் நெடுஞ்சாலை. நடைபாதை கிடையாது, லாரிகள் போகும். கடை எதிர்ப்பக்கம். தாண்டுவதற்கு மேம்பாலம் இருக்கிறது, அதற்குப் படிகள். நான் வேலை முடிந்து வந்ததும் நீ சொல்லும் இடத்துக்கெல்லாம் உன்னைக் கூட்டிப்போவேன். வீட்டில் பத்திரமாக இருக்கப் போகிறாய். என்ன அவசரம் உனக்கு? நான் இருப்பது போதாதா?

தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நலமா? நாங்கள் இருக்கிறோம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, பேனா மக்கர் பண்ணுகிறது.

இங்கே ஒரு சிக்கல். நகர மன்றத்தில் கணக்குக் கமிட்டித் தலைவர் ஒருவர், இந்த வீடுகளே வேண்டாம் என்கிறாராம். கட்டடத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டு, எங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம், அவரவர் வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல மனிதர்தான் என்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் மன்றக் கூட்டத்தைப் பிளைவுட் வீட்டு வாசலிலேயே நடத்துவதற்கு இன்ஜினியர் எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டாள். எங்களில் ஒருவர் பேசவேண்டும். நான்தான் என்று எல்லாரும் கை காட்டிவிட்டார்கள்.

இது நடக்காவிட்டால் எனக்கு இந்த ஜன்னல்தான் தம்பி. அதைக் கூட்டத்தில் சொல்லமாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். கொஞ்ச நாளாக நான் படி இறங்கவில்லை. இறங்க மனம் வரவில்லை. மைக்கில் என்ன பேசலாம் என்று நீ யோசித்து எழுது. மணல் மூட்டைக் கதையைச் சொல்லலாமா?

அக்கா


மே 16

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை, ஃபோனிலும் அதே "ம்". உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபம் என்றால் கோபத்தோடாவது எழுது.

கூட்டம் முடிந்தது. நீ எழுதிக் கொடுக்காததால் வாய்க்கு வந்ததைப் பேசினேன். தலைவர் மெலிந்த மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "கையில பணம் கொடுத்தா உங்களுக்குப் பிடிச்ச இடத்துல நீங்களே வீடு எடுத்துக்கலாமேம்மா?" என்றார்.

"ஐயா, பணம் வேணாம்னு சொல்லல. ஆனா வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து கையில பணத்தை வச்சுக்கிட்டுத்தான் வீடு தேடிட்டிருக்கேன். ஊர் புரோக்கர் பூரா எனக்கு சிநேகிதம். ஒண்ணு, வாசல்ல படி இருக்கும். இல்லேன்னா பாத்ரூம்ல நாற்காலி நுழையாது. பணம் கொடுத்தா கதவு அகலமாகாதுங்க. அப்படி ஒரு வீட்டை முதல்ல யாராவது கட்டணும். லாபத்துக்குக் கட்டறவங்க கட்டமாட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்லல. ரோடு யார் போட்டாங்க? தண்ணிக் குழாய் யார் போட்டாங்க? அவங்கதான் இதையும் போடணும்."

"இது எத்தனை பேருக்கும்மா? ஊர்ப் பணம் இல்லையா?"

"நானும் இந்த ஊருதாங்க. என் சம்பளத்துலயும் வரி பிடிக்கிறாங்க. மிச்சத்தைக் கடையில கொண்டுபோய்ச் செலவு பண்ணலாம்னா இறங்க வழியில்ல." சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "வீடு எனக்கு மட்டும் இல்ல. நான் போனப்புறமும் அது நிக்கும். இப்ப துள்ளிக் குதிக்கிறவன் எவனோ நாளைக்குக் கால் ஒடிஞ்சு வருவான். அவனுக்கு அந்தக் கதவு தயாரா இருக்கும். இதோ இந்தப் பலகை வீட்டுக்குள்ள எல்லாரும் போயிட்டு வந்தீங்களே, கதவு அகலமா இருக்குன்னு யாருக்காவது இடிச்சுதா?"

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இப்ப உங்களை யாரும்மா பாத்துக்கறாங்க?"

"ஊர் டாக்சி எல்லாத்தையும் நான்தாங்க பாத்துக்கறேன்."

ஒரே கைதட்டல். அப்போது பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள். சைலன்சர்! அவன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அக்காவைத் தூக்கறது எங்களுக்குக் கஷ்டமே இல்லீங்க. கூப்பிட்டா அந்த நிமிஷம் ஓடி வருவோம். ஆனா கூப்பிடறதுக்கு முன்னாடி அக்கா யோசிக்கிறாங்க பாருங்க, அதுதாங்க கஷ்டமா இருக்கு." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிவு அடுத்த மாதம்தான். பதில் எழுதுடா.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இப்போது. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பேனா மக்கராமே! அம்மா ஃபோனில் உளறிவிட்டாள். மார்ச் கடைசியில் படியில் நாற்காலி சரிந்ததும், நீ கையை ஊன்றியதும், மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கியதும், எல்லாம் தெரியும். அதற்கப்புறமும் அதே படியில் இறங்கிப் போய்ப் பேசியிருக்கிறாய். உன்னை என்ன செய்வது?

எனக்கு நடந்ததைக் கேள். சிரிக்காதே. சரி, சிரி. நான் மாட்டிய லிஃப்டில் நானே மாட்டிக்கொண்டேன். சோதனை ஓட்டம். இரண்டு மாடிக்கு நடுவில் மின்சாரம் போய்விட்டது. உள்ளே சிக்னல் இல்லை. அலாரம் மணி இன்னும் இணைக்கவில்லை, இணைக்கவேண்டியவன் நான்தான். கதவு எப்படித் திறக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. ஆனால் அது வெளியிலிருந்துதான் திறக்கும். இருட்டில் தட்டினேன், கத்தினேன், உனக்காகப் பாடுகிற பாட்டைக்கூடப் பாடினேன். கடைசியில் கூட வேலை செய்கிற பையன் மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னான்: "சாப்பிட்டுட்டு வந்து திறக்கறேன்ணே. உள்ள பத்திரமாத்தானே இருக்கீங்க? என்ன அவசரம்?"

நல்ல பையன் அக்கா. என் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. அப்புறம்தான், அதே வார்த்தையை நான் எங்கேயோ எழுதியிருக்கிறேனே என்று நினைவு வந்தது.

நான் உனக்கு ஒரு தரைத்தள ஜன்னல்தான் பார்த்து வைத்திருக்கிறேன். நீ கேட்டது வாசல். உன் மேல் இருந்த கோபம் என் மேல் திரும்பி, அதுவும் இப்போது ஆறிவிட்டது. கைதட்டிய கூட்டத்தில் நான் இல்லாமல் போனேனே என்றுதான் ஆற்றாமை. முடிவு தெரிந்ததும் தந்தி மாதிரி எழுது.

உன் முட்டாள் தம்பி


ஜூன் 24

தம்பி,

எல்லாரும் சுகம். கை சரியாகிவிட்டது. பாஸ்!

கட்டுகிறார்கள்! கணக்குக் கமிட்டித் தலைவரே கையைத் தூக்கினாராம். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பாதி வீடுகள் எங்களுக்கு, பாதி சாதாரணக் குடும்பங்களுக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி அகலமான கதவு. நாங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதே அதுதான். பலகை வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு முதலில் ஒதுக்கீடு. எனக்கு முதல் மாடி. தரைத்தளம் வேண்டுமா என்று கேட்டார்கள், "லிஃப்ட் இருக்கும்ல? அப்ப மாடி கொடுங்க, என் தம்பி லிஃப்ட்காரன்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அம்மா அழுதாள். என்னைப் பிரிய முடியாமல் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். கடைசியில் பார்த்தால், "அப்ப நான் அவன்கிட்டப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாமாடி? உன்னை விட்டுட்டுப் போகக்கூடாதுன்னே நானும் இந்தப் படியை இறங்கல" என்கிறாள். இத்தனை வருஷமும் அவளும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். நீ போட்ட சிமெண்ட் சரிவு அவள் முழங்காலுக்கு ஆகும். தயாராக இரு, குஷனோடு வருவாள்.

ஹாரன் தெருத்தெருவாக ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டான். வேலையே ஓடவில்லை.

அக்கா


ஜனவரி 30

தம்பிக்கு,

சுகம். அம்மா உன்னைப் படுத்துகிறாளா? நன்றாகப் படுத்தட்டும்.

குடி வந்து பத்து நாளாகிறது. வீட்டில் இன்னும் பெயின்ட் வாசனை. ஜன்னலில் தெரு தெரிகிறது, ஆகாயமும் தெரிகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன், உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்தேன். பக்கத்து வீட்டில் கணக்கு வாத்தியார். கீழே தபால்காரர் குடும்பம், அவர்கள் குழந்தைகள் என் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள், திட்டினால் என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள். டாக்சி வேலையை இங்கிருந்தே பார்க்கிறேன், மதியம் வரைதான். மீதியை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். நானே கேட்டு விட்டுக்கொடுத்தேன்.

நிறைய எழுதவேண்டும். அப்புறம் எழுதுகிறேன், கடை சாத்திவிடுவான்.

அக்கா


மார்ச் 8
(கதவுக்கு அடியில்)

அக்கா,

நான் நலம். நீ நலமா என்று தெரியவில்லை, ஏனென்றால் நீ இல்லை.

போன கடிதத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஃபோனில் "நல்லாருக்கேன்டா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், மணிக்கட்டு வீங்கியபோதும் அப்படித்தான் சொன்னாய். பக்கம் பக்கமாக எழுதுகிறவள் திடீரென்று நிறுத்தினால் மனம் என்ன பாடுபடும்? அம்மாவிடம் கேட்டால், "சும்மா இருடா, அவ நல்லாத்தான் இருப்பா" என்று குஷனைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். எனக்குத்தான் தாங்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன். விழுந்துவிட்டாயோ, காய்ச்சலோ, தனியாக விட்டது தப்போ என்று வழியெல்லாம் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்டில் ஏறினேன் (நன்றாக மாட்டியிருக்கிறார்கள், கதவு மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, சரி செய்துவிடுகிறேன்). உன் வாசலுக்கு வந்தேன். பூட்டு.

நான் அப்படியே நின்றுவிட்டேன் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், வேலை முடிந்து வந்தாலும், ஊரிலிருந்து வந்தாலும், பிறந்ததிலிருந்து நான் எந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் நீ உள்ளே இருந்திருக்கிறாய். நான் வந்து நீ வீட்டில் இல்லாமல் போனது இன்றைக்குத்தான்.

கணக்கு வாத்தியார் கதவைத் திறந்தார். "தம்பியா? அக்கா இல்லீங்களே" என்றார். எங்கே போனாய் என்று கேட்டேன். "சொல்லிட்டுப் போகலீங்க. வேலையா ஒண்ணும் இல்ல, சும்மாதான் கிளம்பினாங்க. தினமும் இப்படித்தான்" என்றார். எப்போது வருவாய் என்று கேட்டேன். "அதை யார் கண்டா?" என்று சிரித்தார். உள்ளே வரச் சொன்னார், டீ போடுகிறேன் என்றார். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஃபோன் செய்யலாம். செய்யமாட்டேன். செய்தால் "ஐயோ, இதோ வந்துட்டேன்டா" என்று பாதியில் திரும்பிவிடுவாய். எந்தத் தெருவில் இருக்கிறாயோ, எதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாயோ, பார்த்து முடி.

நான் பெட்டியை உன் கதவோரம் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். பசிக்கிறது, கால் மரத்துப்போகிறது, அழுகையும் வருகிறது, போகிற வருகிற குழந்தைகள் பார்த்துவிட்டுப் போகின்றன. இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

மெதுவா வா அக்கா.

உன் விருந்தாளி